சதை துடிக்கிறதா? அலையாமல் ஒரே முறை ஒழுங்காகப் பார்த்து முடிப்பது எப்படி

இரவு பதினொன்றரை மணிக்குப் படுத்துக்கொண்டே "கெண்டைக்கால் சதை துடிப்பது ஏன்" என்று போனில் தேடி, இரண்டாவது பக்கத்திலேயே மோட்டார் நியூரான் நோய் (தசையை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்து பலம் போய்க்கொண்டே வரும் நோய்) என்ற சொல்லைப் படித்துவிட்டு வயிறு கலங்கி உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். ஒரு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் நான் இருந்தேன். மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. செப்டம்பர் கடைசியில் வரித் தணிக்கைக் கெடு, மூன்று வாரமாக ஒழுங்கான தூக்கம் இல்லை, ஒரு நாளைக்கு ஆறு காபி. இடது கெண்டைக்காலில்தான் ஆரம்பித்தது, தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி. பத்து நாளில் தொடை, தோள், கண் இமை, கட்டைவிரல் என்று எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது.

ஐந்து மாதம் அலைந்தேன். கிட்டத்தட்ட 31,000 ரூபாய் போனது. இப்போது பில்களை எடுத்துக் கூட்டிப் பார்த்தால் தேவைப்பட்ட செலவு ஏழாயிரத்துக்குள்தான், தேவைப்பட்ட நாளும் மூன்று வாரம்தான். நான் மருத்துவன் இல்லை. எந்த வரிசையில் போனால் அந்த மூன்று வாரத்தில் முடியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில், துடிக்கிறதா பலம் போகிறதா என்று பிரித்துப் பாருங்கள்

சதை துடிப்பது மிகச் சாதாரணம். ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது துடித்திருக்கும். கண் துடித்தால் நல்லது வரும், தோள் துடித்தால் இன்னது நடக்கும் என்று பலன் சொல்லும் அளவுக்கு நம் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மோட்டார் நியூரான் நோய் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டு பேருக்கு என்ற அளவில் வருவது, அதுவும் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு. அந்த நோயில் ஆளை மருத்துவரிடம் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாலும் பலக்குறைவு. செருப்பு காலிலிருந்து நழுவுவது, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போவது, பூட்டில் சாவியைத் திருப்ப விரல் வராதது, பேச்சு குழறுவது, தண்ணீர் குடிக்கும்போது புரையேறிக்கொண்டே இருப்பது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை குழி விழுவது, இப்படி.

இதில் நான் குழம்பிய இடம் ஒன்று உண்டு. "கால் பலவீனமாக இருக்கிற மாதிரி இருக்கிறது" என்பது வேறு, "குதிகாலைத் தூக்கி நிற்க முடியவில்லை" என்பது வேறு. பயத்தில் கால் கனக்கும், தொய்யும், பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் மாடிப்படி ஏற முடியும், பஸ்ஸைப் பிடிக்க ஓட முடியும். நேற்று வரை செய்த ஒரு வேலையை இன்று செய்யவே முடியவில்லை என்றால் கீழே உள்ள வரிசையெல்லாம் வேண்டாம், அந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இன்னொரு விதிவிலக்கும் இருக்கிறது. வயலுக்கோ தோட்டத்துக்கோ பூச்சிமருந்து அடித்த அன்று சதை துடித்து, கூடவே வியர்வை, எச்சில் ஊறுவது, வாந்தி, பார்வை மங்கல் என்று இருந்தால் அது அவசரம். 108ஐக் கூப்பிடுங்கள், மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

2. ஒரு பக்கம் எழுதுங்கள், அதோடு தேடலை நிறுத்துங்கள்

மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது, பயத்தை மட்டும்தான் சொன்னேன். அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தெந்த இடம், ஓய்வில் அதிகமா நடக்கும்போது அதிகமா, கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறதா, தூக்கம் எத்தனை மணி நேரம், காபி டீ எத்தனை, புதிதாக உடற்பயிற்சி ஆரம்பித்தீர்களா, குடும்பத்தில் யாருக்காவது நரம்பு நோய் இருந்ததா.

முக்கியமாக, போடுகிற எல்லா மாத்திரைகளின் பெயரும் வேண்டும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் துடிப்பையும் நடுக்கத்தையும் தூண்டலாம். மாதக்கணக்கில் காலை வெறும் வயிற்றில் போடுகிற கேஸ் மாத்திரை மெக்னீசியத்தைக் குறைக்கலாம். நீர் பிரிய வைக்கும் மாத்திரை பொட்டாசியத்தைக் குறைக்கலாம். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் பி12ஐக் குறைக்கலாம். பட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாலே போதும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

துடிப்பை வீடியோ எடுத்து வைப்பது நல்லது, ஆனால் ஒன்றே ஒன்று, அரை நிமிடம் போதும். என் போனில் 140 வீடியோ இருந்தது. மருத்துவர் ஒன்றைத்தான் பார்த்தார், அதையும் பத்து விநாடி.

3. முதலில் பொது மருத்துவர், அப்புறம்தான் நரம்பு டாக்டர்

நான் நேராக ஸ்கேன் சென்டருக்குப் போனேன். தவறு. பக்கத்தில் உள்ள எம்.டி. படித்த பொது மருத்துவரிடம் 300 ரூபாயில் முடிகிற வேலை அது. அவர் கைகால் பலம், சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அனிச்சை எல்லாம் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். அரசு மருத்துவமனை என்றால் ஓ.பி. சீட்டு போட்டு முதலில் பொது மருத்துவப் பிரிவில் காட்ட வேண்டும், அங்கிருந்து நரம்பியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். பல இடங்களில் நரம்பியல் ஓ.பி. எல்லா நாளும் இருக்காது, எந்தக் கிழமை என்று முதலில் விசாரித்துவிட்டு லீவு போடுங்கள். ஆதார், பழைய சீட்டு, காலை ஏழரைக்குள் வரிசை. செலவு பெரிதாக இருக்காது, ஒரு முழு நாள் போகும்.

இந்தக் கட்டத்தில் யாராவது "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்வார்கள். சுவரொட்டியிலும் பார்ப்பீர்கள். அது இந்தத் துடிப்புக்கான நோய்ப்பெயர் கிடையாது. அந்தப் பெயரில் விற்ற லேகியத்துக்கும் மாத்திரைக்கும் 4,800 ரூபாய் கொடுத்தேன், அதில் என்ன கலந்திருந்தது என்று டப்பாவில்கூட எழுதவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் வாயில் போடாதீர்கள்.

4. ரத்தம் கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

வழக்கமாக எழுதுவது தைராய்டுக்கு டி.எஸ்.எச்., கால்சியம், மெக்னீசியம், சோடியம் பொட்டாசியம், சர்க்கரை, பி12, வைட்டமின் டி, தசை நொதியான சி.பி.கே. எனக்கு 2,100 ரூபாய் ஆனது, முடிவு மறுநாள் வந்தது. சில இடங்களில் மெக்னீசியம் பொதுப் பேக்கேஜில் சேராது, தனியாகக் கேட்க வேண்டும்.

பி12 ஊசியோ சத்து மாத்திரையோ தொடங்குவதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். ஊசி போட்டபின் எடுத்தால் அளவு ஏறித் தெரியும், உண்மையில் குறைவா என்று சொல்வது கடினம். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லி இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு முடிவு பிழையாக வரலாம். ஜிம்மில் எடை தூக்கிய மறுநாள் சி.பி.கே. எடுத்தால் ஏறித்தான் இருக்கும். நான்கைந்து நாள் கடும் பயிற்சி இல்லாமல் போய்க் கொடுங்கள். சதையில் ஊசி குத்தி அதன் மின் இயக்கத்தைப் பார்க்கும் இ.எம்.ஜி. சோதனைக்குப் பிறகும் சி.பி.கே. ஏறலாம், அதனால் ரத்தம் முதலில், இ.எம்.ஜி. பிறகு.

முடிவுத் தாளில் ஏதாவது ஒரு எண் தடித்த எழுத்தில் இருக்கும். எனக்கு வைட்டமின் டி. அதை வைத்துக்கொண்டு வீட்டில் தேடாதீர்கள், தாளோடு மருத்துவரிடம் போங்கள்.

5. நரம்பியல் மருத்துவரும் இ.எம்.ஜி.யும்

கட்டணம் எனக்கு 800 ரூபாய், அப்பாயின்ட்மெண்ட் கிடைக்க ஒன்பது நாள். அவர் குதிகாலில் நடக்கச் சொல்வார், நுனிக்காலில் நடக்கச் சொல்வார், கைவிரலை விரித்து அழுத்தச் சொல்வார், நாக்கை வெளியே நீட்டாமல் வாய்க்குள்ளேயே தளர விட்டுப் பார்ப்பார். உங்களுக்குப் பயம் வேறு எதிலும் இல்லை, இந்த நோயில்தான் என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "எனக்கு மோட்டார் நியூரான் நோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது, அதைத்தான் தெரிந்துகொள்ள வந்தேன்." நான் சுற்றி வளைத்து வேறு ஏதேதோ பேசி, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன். அதற்காகவே மறுபடி ஒரு கட்டணம்.

கையால் சோதித்ததில் எல்லாம் சரியாக இருந்தால் இ.எம்.ஜி. தேவையே இல்லை என்று அவர் சொல்லலாம். அது அலட்சியம் இல்லை. எழுதித் தந்தால் நரம்புக் கடத்தல் சோதனையும் இ.எம்.ஜி.யும் சேர்ந்து எனக்கு 3,500 ஆனது, முக்கால் மணி நேரம். முதலில் சின்னச் சின்ன மின் அதிர்வு, பிறகு சதையில் மெல்லிய ஊசி. வலி இருக்கும், தாங்க முடியாத அளவு இல்லை. அன்று கைகாலில் எண்ணெயோ கிரீமோ தடவக் கூடாது, தொளதொள உடை போடுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்களும் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் முன்பே சொல்ல வேண்டும்.

பரிந்துரைச் சீட்டு பற்றி ஒரு வார்த்தை. என் சீட்டில் "ஆர்/ஓ எம்.என்.டி." என்று எழுதியிருந்தது. லிஃப்டில் நின்றுகொண்டே படித்தேன், கால் நடுங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். எம்.என்.டி. என்றால் மோட்டார் நியூரான் நோய். ஆனால் அந்த ஆர்/ஓ என்பதற்கு "அது இல்லை என்று உறுதி செய்யவும்" என்று பொருள். எந்தச் சோதனையை எதற்காகச் செய்ய வேண்டும் என்று லேப்புக்குச் சொல்லும் குறிப்பு அது, நோய் இருக்கிறது என்ற முடிவு அல்ல. இதை ஒருவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த வாரம் முழுதும் சாப்பிடாமல் இருந்திருக்க மாட்டேன்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனை நீங்களாகப் போய் எடுக்காதீர்கள். முதுகுக்கு 7,500, மூளைக்கு 6,500 கொடுத்தேன். முதுகில் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே அப்படி வரும் என்று தெரியாமல் அதற்கு வேறு ஒரு மாதம் பயந்தேன்.

6. ஃபைலை மூடுங்கள்

எல்லாம் சரி என்று வந்ததும், மருத்துவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். "என்ன ஏற்பட்டால் நான் திரும்பி வர வேண்டும்?" "இல்லாவிட்டால் எப்போது வந்தால் போதும்?" பதிலை அவர் கையாலேயே சீட்டில் எழுதி வாங்குங்கள். எனக்கு "பலம் குறைந்தால் உடனே, இல்லையேல் 6 மாதம்" என்று எழுதினார். ரத்த முடிவு, இ.எம்.ஜி. அறிக்கை, இந்தச் சீட்டு மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு பீரோவில் வைத்தேன்.

அதன் முதல் பக்கத்தில் நான் எழுதி ஒட்டியது இது: அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவர்கள், இப்படி ஆபத்தில்லாத துடிப்பு என்று முடிவு செய்யப்பட்ட 121 பேரை 2 ஆண்டு முதல் 32 ஆண்டு வரை தொடர்ந்து பார்த்து 1993இல் எழுதினார்கள், ஒருவருக்குக்கூட மோட்டார் நியூரான் நோய் வரவில்லை. தேடினால் எங்கோ ஒருவருடைய விதிவிலக்குக் கதை உங்களுக்குக் கிடைக்கத்தான் செய்யும். அந்த ஆறு மாத மறுபார்வை இருப்பதே அதற்காகத்தான், நீங்கள் தினமும் காவல் இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கருத்து கேட்பதானால் ஒரே ஒருவரிடம், அதே ஃபைலோடு. மூன்றாவது மருத்துவரிடம் நான் போனது மருத்துவத்துக்காக இல்லை, "ஒன்றும் இல்லை" என்ற சொல்லை இன்னொரு முறை கேட்பதற்காக. அந்தச் சொல்லின் நிம்மதி எனக்கு பார்க்கிங்கில் வண்டி எடுக்கும் வரைதான் நின்றது.

7. சோதிப்பதை நிறுத்துவது, இதுதான் உண்மையான வேலை

துடிப்பை நிறுத்த முயன்றேன், முடியவில்லை. ஆபத்தில்லாத துடிப்பு மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு வருடக்கணக்கில். கவனிக்கக் கவனிக்க இன்னும் நிறையத் தெரியும். நம் கையில் இருப்பது சோதிப்பதை நிறுத்துவது மட்டும்தான்.

நான் என்னென்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்கிறேன், உங்களுடையதும் இதில் இருக்கும். காலையில் எழுந்ததும் நுனிக்காலில் முப்பது அடி நடப்பது. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் நாக்கு. நீட்டிய நாக்கு யாருக்குமே லேசாக நடுங்கும், நான் அதைத் தினமும் பார்த்துத் தினமும் வெளிறிப்போனேன். அலுவலகத்தில் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவது. ராத்திரி இஞ்ச் டேப்.

அந்த டேப் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் மனைவியின் தையல் மெஷின் டிராயரில் இருந்த மஞ்சள் டேப். முழங்காலிலிருந்து ஐந்து இஞ்சு கீழே பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, இரண்டு கெண்டைக்காலையும் அளந்து, ஒரு சின்ன நோட்டில் எழுதுவேன். இடது 35.5 செ.மீ., வலது 36. ஒரு நாள் இடது 35 என்று வந்தது. திரும்ப அளந்தேன், 35.5. திரும்ப அளந்தேன், 35. இறுக்கிப் பிடித்தால் குறையும், தளர்த்தினால் கூடும் என்பதுகூட அப்போது மண்டையில் ஏறவில்லை. இரண்டு மணிக்கு அவள் எழுந்து லைட்டைப் போட்டாள். "என்னங்க, இந்த நேரத்துல டேப்ப வச்சு என்ன பண்றீங்க?" என்று கேட்டவள், என் காலில் இருந்த பேனாக் கோடுகளைப் பார்த்தாள். ஏழெட்டுக் கோடு இருந்தது, அழிந்தும் அழியாமலும். அப்புறம் எதுவும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு காலும் யாருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனக்கு வலது கால்தான் எப்போதுமே பெரியது, அவ்வளவுதான்.

நிறுத்திய விதம் இது. முதல் வாரம் எதையும் நிறுத்தவில்லை, ஒவ்வொரு முறை சோதித்ததற்கும் தாளில் ஒரு கோடு போட்டேன். முதல் நாள் 46. இரண்டாம் வாரம் நேரம் ஒதுக்கினேன்: மாலை ஆறரைக்கு ஐந்து நிமிடம், என்ன சோதிக்க வேண்டுமோ அப்போது மட்டும். பகலில் ஆசை வந்தால் "ஆறரைக்கு" என்று சொல்லிக்கொண்டு கையில் இருக்கும் வேலையைத் தொடர வேண்டும். அந்தப் பதற்றம் ஏறும், பத்துப் பதினைந்து நிமிடம் கடுமையாக இருக்கும், பிறகு தானாக இறங்கும். இறங்கும் என்பதை நாலைந்து முறை பார்த்தபின்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. மூன்றாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். டேப்பை மாமியார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். போனில் தேடுவதற்கும் இதே முறைதான், ஆனால் அதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்காதீர்கள், முழுதாக விடுங்கள். நோயாளிகளின் அனுபவக் கதைகளை இரவில் படிப்பது எல்லாவற்றிலும் மோசமானது.

8. ஆறு வாரத்தில் பயம் இறங்காவிட்டால் மனநல மருத்துவர்

"அப்படியானால் எல்லாம் என் கற்பனையா" என்று கோபம் வரும். துடிப்பு உண்மை. பயமும் உண்மை, அதற்குத் தனியாக மருத்துவம் இருக்கிறது. உடல்நலப் பதற்றத்துக்கு நன்றாக வேலை செய்வது சி.பி.டி. எனப்படும் பேச்சு முறைச் சிகிச்சை. மேலே சொன்ன கோடு போடும் முறை அங்கே கற்றதுதான். எனக்கு எட்டு அமர்வு, ஒன்றுக்கு 1,000 ரூபாய். உளவியலாளரைத் தேடும்போது மருத்துவ உளவியல் படித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், "கவுன்சலர்" என்ற பலகை மட்டும் போதாது. செலவு முடியாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கிறது, சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது. இரவில் தனியாகத் தாங்க முடியாமல் போனால், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ், கட்டணமில்லை, 24 மணி நேரம், தமிழில் பேசலாம்.

மாத்திரை எழுதினால் ஒன்று தெரிந்திருக்கட்டும். பதற்றத்துக்குத் தினமும் போடும் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் சில நாள் பதற்றமும் நடுக்கமும் கூடினமாதிரி இருக்கலாம். அதைப் பார்த்து நோய் முற்றுகிறது என்று முடிவு கட்டாதீர்கள், எழுதியவருக்குப் போன் செய்து சொல்லுங்கள். நன்றாக இருக்கிறது என்று திடீரென நிறுத்தவும் கூடாது. பதற்றத்தை உடனே தணிக்கும் அல்ப்ரசோலம், குளோனசெபாம் குறுகிய காலத்துக்கு மட்டும். பழைய சீட்டைக் காட்டித் தெரிந்த கடையில் வாங்கிப் போட ஆரம்பித்தால் விடுவது சிரமம்.

காப்பீடு: உள்நோயாளியாகச் சேராமல் செய்த இந்தச் செலவு பெரும்பாலான பாலிசிகளில் வராது. ஓ.பி. செலவு சேர்ந்த பாலிசியாக இருந்தால் மட்டும் மருத்துவர் சீட்டையும் பில்லையும் சேர்த்து வையுங்கள்.

9. காபியும் தூக்கமும்

ஆறு காபியை ஒரே நாளில் விட்டால் தலைவலி வரும், அந்தத் தலைவலிக்கு ஒரு புதுப் பயம் வரும். இரண்டு நாளுக்கு ஒரு காபி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். காலையில் ஒரு ஃபில்டர் காபி, மதியம் இரண்டு மணிக்குப் பிறகு எதுவும் இல்லை, டீயும் அதே கணக்கு. மெக்னீசியம் மாத்திரையைப் பலரும் சொல்வார்கள். ரத்தத்தில் குறைவாக இருந்தால் மருத்துவர் தருவார், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் தாங்களாகத் தொடவே கூடாது. நடை, நீச்சல் எல்லாம் செய்யலாம். கடும் பயிற்சிக்குப் பிறகு இரண்டு நாள் அதிகமாகத் துடிக்கும், பயந்து படுத்துவிடாதீர்கள்.

10. வீட்டில் ஒரு ஒப்பந்தம்

நான் மனைவியிடம் ஒரு நாளைக்கு இருபது முறை "கால் மெலிஞ்சிருக்கா பாரு" என்று கேட்பேன். அவளும் இருபது முறை "இல்லைங்க" என்பாள். அதுவும் ஒரு சோதனைதான் என்று உளவியலாளர் சொன்னபின், பதில் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். கேட்டால் "ஃபைல் பீரோவுல இருக்கு, வாங்க நடந்துட்டு வரலாம்" என்று மட்டும் சொல்வாள். முதல் வாரம் அது எனக்குக் கல்நெஞ்சம் போலப் பட்டது, கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன். அவளுக்கும் அது எளிதாக இருக்கவில்லை. வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால், சொல்லாமல் திடீரென்று தொடங்காதீர்கள், உட்கார்ந்து பேசி இருவரும் ஒத்துக்கொண்ட பிறகு தொடங்குங்கள்.

11. ஆறாவது மாதம்

சீட்டில் எழுதியிருந்த தேதிக்குப் போனேன், அதற்கு முன்பு போகவில்லை. அதே 800 ரூபாய், எட்டு நிமிடம், அதே சுத்தியல், அதே நடை. சீட்டில் இன்னொரு வரி எழுதினார்: "மாற்றமில்லை. தேவைப்பட்டால் மட்டும்." காத்திருப்பு அறையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தபோது இடது கெண்டைக்கால் துடித்துக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் தினத்தந்தியின் நடுப்பக்கத்தை எனக்குக் கொடுத்தார், முழுதாகப் படித்து முடித்தேன்.